கை உடைந்த அத்தைக்கு இலவச வக்கீல்: சட்ட உதவி மையம் எப்படி?

வக்கீல் வைக்கக் காசில்லை, அதனால் விட்டுவிடலாம் என்று நினைப்பவர்கள் படிக்க வேண்டும். ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம் கொடுப்பேன். அந்த அரை, முன்னறையில் பொறுமையாக மனு எழுதிக் கொடுத்த தன்னார்வலர் பெண்ணுக்கு.

விஷயம் இதுதான். டெல்டாவில் ஒரு நகராட்சி, ஆடிப்பெருக்குக் கூட்டத்துக்காகப் படித்துறையில் சவுக்குக் கட்டையில் தடுப்பு கட்டியிருந்தது. கூட்டம் சாய்ந்ததும் தடுப்பு அப்படியே விழுந்து அத்தைக்கு வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. தையல் மிஷினை நம்பிப் பிழைப்பவர். நகராட்சியில் கேட்டால், கட்டியது கான்ட்ராக்டர், அவரிடம் போங்கள் என்றார்கள். அவரிடம் போனால், கூட்டத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டியது போலீஸ் என்றார். பெரிய விபத்து என்றால் கதை வேறு. 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் இறந்தபோது அரசு அன்றைக்கே நிவாரணம் அறிவித்தது. கை உடைந்தவருக்கு யார் அறிவிப்பார்கள்? நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

அப்புறம்தான் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போனோம். பலருக்குத் தெரியாத ஒன்று: 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் எல்லாருக்கும் இலவச உதவி உண்டு, வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே இல்லை. மற்றவர்களுக்குத்தான் வருமான வரம்பு. நேரில் போக முடியாதவர்கள் 15100-க்குக் கூப்பிடலாம்.

எங்களுக்குக் கொடுத்த பேனல் வக்கீலம்மா (ஆணைக்குழுவின் பட்டியலில் இருக்கும் வக்கீல்) விஷயம் தெரிந்தவர். மீரட் வழக்கைச் சொன்னார். 2006-இல் விக்டோரியா பூங்காவில் கண்காட்சிப் பந்தல் எரிந்து 65 பேர் இறந்தார்கள். பந்தல் போட்டது கான்ட்ராக்டர்தானே என்ற அமைப்பாளர்களின் வாதம் எடுபடவில்லை. இழப்பீட்டில் 60 சதவீதம் அவர்கள், 40 சதவீதம் மாநில அரசு தர வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உடனே சந்தோஷப்படாதீர்கள் என்று அவரே அடுத்து ராஜ்கோட் வழக்கையும் எடுத்தார். சாலையோர மரம் விழுந்து ஒருவர் இறந்த அந்த வழக்கில் மாநகராட்சி பொறுப்பல்ல என்று 1997-இல் அதே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் கவனக்குறைவைக் காட்டும் தாள் கையில் இல்லாமல் நகராட்சி மேல் போவதில் பிரயோஜனமில்லை என்று, தடுப்பு வேலைக்கான பணி ஆணையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்க வைத்தார். நகராட்சியே வேலை கொடுத்தது அதில் தெளிவாக இருந்தது. அந்த ஒரு தாள் வந்த பிறகுதான் நகராட்சியில் எங்களை உட்காரச் சொல்லிப் பேச ஆரம்பித்தார்கள்.

குறைக்கு வருகிறேன். வக்கீலம்மா போனை எடுக்க மாட்டார். கேட்டால் இன்னொரு கோர்ட்டில் இருந்தேன் என்பார், உண்மையாகவும் இருக்கலாம், ஆனால் நமக்குத் தேதி தெரிய வேண்டாமா? வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கு மனு போட்டோம். முதல் அமர்வுக்கு நகராட்சியிலிருந்து ஒரு ஆள்கூட வரவில்லை. சமரசம் என்பதால் இஷ்டம் இருந்தால்தான் வருவார்கள், இழுத்து வர முடியாது. கடைசியில் ஆஸ்பத்திரிச் செலவும், தைக்காமல் இருந்த காலத்துக்கு ஏதோ கொஞ்சமும் கிடைத்தது. அத்தைக்குத் திருப்தி, எனக்கில்லை. சமரசத்தை முடித்துவைக்கும் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) கையெழுத்துப் போட்டால் மேல்முறையீடு கிடையாது என்பதையும் அங்கே முதலிலேயே அழுத்திச் சொல்லியிருக்கலாம், நாங்கள் கேட்டபிறகுதான் சொன்னார்கள்.

போகிறவர்கள் தாமதிக்காதீர்கள். சட்டப்படி செய்த வேலை என்று எதிர்த்தரப்பு வாதாடினால் காலவரையறைச் சட்டத்தில் வழக்குப் போட ஒரு வருடம்தான் என்ற கணக்கு வரும், அதிலும் அரசு அதிகாரி மேல் வழக்கென்றால் முன்கூட்டியே 2 மாத நோட்டீஸ் வேறு. கையோடு ஆதார், ஆஸ்பத்திரியில் போட்ட விபத்துப் பதிவேட்டின் நகல், காவல் நிலைய ரசீது, விழுந்த இடத்தின் போட்டோ எல்லாம் இரண்டிரண்டு நகல் எடுத்துப் போங்கள். வளாகத்தில் ஜெராக்ஸ் கடை இருக்கிறது, ஆனால் காலையில் அங்கே நிற்கிற கூட்டத்துக்கும் ஒரு தடுப்பு தேவை.