ரிடோ கால்வாயா, காட்டினோ பூங்காவா? ஒட்டாவாக் குளிர்காலத்துக்கு இரு வழிகள்

ஒட்டாவாவில் வசிப்பவர்கள் மலைவிடுதிகளுக்குப் பெருஞ்செலவு செய்யாமல் குளிர்கால விளையாட்டில் இறங்க இரண்டு நல்ல வழிகள் உள்ளன: நகரின் நடுவே உறையும் ரிடோ கால்வாயில் ஸ்கேட்டிங், ஒட்டாவா ஆற்றுக்கு அப்பால் கியூபெக் மாகாணப் பக்கத்திலுள்ள காட்டினோ பூங்காவில் கிராஸ்-கன்ட்ரி ஸ்கீயிங் (நீண்ட சறுக்குப் பலகைகளைக் காலில் மாட்டி, பனிப்பாதைகளில் ஏறி இறங்கிச் செல்வது).

கால்வாயின் 7.8 கிலோமீட்டர் பனித்தளத்துக்குக் கட்டணம் கிடையாது. பழைய ஸ்கேட் காலணியை வாங்கி அதன் அடியிலுள்ள கத்தியைத் தீட்டிக்கொண்டு, தலைக்கவசமும் இருந்தால், குழந்தைகளுடனேயே தொடங்கிவிடலாம். ஆனால் பனிக்கட்டி போதிய தடிமனுக்கு உறைந்த பிறகே அது திறக்கப்படுகிறது; 2022-23 குளிர்காலத்தில், அதன் வரலாற்றிலேயே முதன்முறையாக, ஒரு நாள்கூடத் திறக்கப்படவில்லை என்பது இந்த நகரை நேசிப்பவர்களுக்குப் பெரும் வருத்தம்.

பூங்காவின் பராமரிக்கப்படும் ஸ்கீ பாதைகளுக்கு நாள்சீட்டோ பருவச்சீட்டோ வாங்க வேண்டும். ஸ்கீ, காலணி, ஊன்றுகோல் ஆகியவற்றை முதலில் வாடகைக்கு எடுப்பதே சிக்கனம். ஏற்றங்களில் உடல் விரைவில் வியர்ப்பதாலும், வியர்வையில் நனைந்த பருத்தி ஆடை ஓய்வெடுக்கும்போது உடலை ஆபத்தான அளவுக்குக் குளிரச் செய்வதாலும், உள்ளாடை கம்பளியிலோ செயற்கை இழையிலோ இருப்பது அவசியம். கால், இடுப்புத் தசைகளுக்கு இலையுதிர் காலத்திலேயே பயிற்சி தருவது நல்லது.

முதல் ஆண்டுக்குக் கால்வாயே போதுமானது. பருவம் முழுவதும் தொடர விரும்புபவர்களுக்குப் பூங்காவையே நான் பரிந்துரைப்பேன். டிசம்பரில் மாலை 4.30 மணிக்கு முன்பே கதிரவன் மறைவதால், காட்டுப்பாதையில் செல்பவர்கள் தலைவிளக்கைத் தவறாமல் எடுத்துச் செல்ல வேண்டும்.