கொண்டை ஊசி வளைவில் ஓர் ஆலோசகர்: இணையவழி மனநல ஆலோசனையில் 18 மாதங்கள்

கடந்த வாரம் சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து கல்லூரித் தோழி ஒருத்தி அழைத்து, இணையவழி மனநல ஆலோசனை கொடுக்கிற காசுக்குத் தகுமா என்று கேட்டாள். அதே வாரத்தில்தான் நான் பயன்படுத்தும் செயலிக்காரர்கள் ஓர் அமர்வின் கட்டணத்தை 1,200 ரூபாயிலிருந்து 900 ரூபாயாகக் குறைத்திருப்பதாகக் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். பழைய விலையில் 10 அமர்வுகளை மொத்தமாக வாங்கி நான்கு நாள்கூட ஆகவில்லை என்பதால், கீழே எழுதியிருப்பதில் எரிச்சல் கலந்திருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் ஏற்காட்டில் பள்ளி ஆசிரியை. ஒரு மழைக்காலத்தில் நான் வந்துகொண்டிருந்த பேருந்துக்கு முன்னால் மலைப்பாதையின் ஒரு வளைவில் பாறை சரிந்து, இரண்டு மணி நேரம் இருட்டில் உட்கார்ந்திருந்தோம். அன்று எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்று மாதம் கழித்து, நன்றாக வெயில் அடித்த ஒரு சனிக்கிழமை, அதே வளைவில் நெஞ்சு படபடத்து, விரல்கள் மரத்து, உயிர் போய்விடும் போலிருந்தது. சேலத்தில் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, இதயத்தில் கோளாறு இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு ஏழு மாதம் நான் மலையை விட்டு இறங்கவில்லை. விடைத்தாள் திருத்தும் பணிக்குக்கூட மருத்துவச் சான்றிதழ் கொடுத்துத் தப்பித்தேன். இதற்குப் பார்க்க வேண்டியவர்கள் எல்லாரும் சேலத்தில் இருந்தார்கள். சேலத்துக்குப் போக முடியாததே என் நோயாக இருந்தது.

வீட்டில் சுவருக்குக் காது உண்டு என்பதால், கொட்டகையில் நிற்கும் எங்கள் காரின் பின்னிருக்கையில் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்துதான் செயலியில் ஆலோசகரிடம் பேசுவேன். "யாருகிட்ட கண்ணு இவ்வளவு நேரம் பேசற?" என்று அத்தை கேட்டபோது, பயிற்சி வகுப்பு என்றேன், அது முழுப் பொய்யும் அல்ல. முதல் சில வாரங்கள், திரையின் மூலையில் தெரிந்த என் முகம் அழுவதை நானே பார்த்துக்கொண்டிருந்ததில் பாதி நேரம் போயிற்று. பிறகு ஒரு பெரிய ஸ்டிக்கர் பொட்டை எடுத்துத் திரையில் அந்த இடத்தின்மேல் ஒட்டிவிட்டேன். இன்றுவரை அது அங்கேயே இருக்கிறது.

ஆலோசகர் மருத்துவ உளவியலாளர். மருந்து எழுதுவது அவர் வேலையல்ல, அது மனநல மருத்துவரின் வேலை என்பதை முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டார். பீதி எத்தனை கடுமையாக வந்தாலும் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டுத் தானாகத் தணியும் என்பதையும், நாம் ஓடிவிடுவதால்தான் அது தணிவதைப் பார்க்கும் வாய்ப்பே நமக்குக் கிடைப்பதில்லை என்பதையும் அவரிடம்தான் கற்றேன். நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் ஓடச் சொல்லி, அப்போது வரும் படபடப்பு பஸ்ஸில் வந்த அதே படபடப்புதான், அதனால் யாரும் சாவதில்லை என்று உடம்புக்கே புரியவைத்தார்.

நான் எதிர்பாராத சந்தோஷம் அதற்குப் பிறகுதான் வந்தது. சேலத்தில் ஓர் அறையில் எதிரே உட்கார்ந்திருந்தால், எந்த ஆலோசகரும் என்னுடன் மலைப்பாதைக்கு வந்திருக்க மாட்டார். இவர் வந்தார். வளைவுகளுக்கு அடிவாரத்திலிருந்து எண் போட்டிருப்பதால், மேலிருந்து இறங்குகிற எங்களுக்கு 20தான் முதல் வளைவு. கணவர் அங்கே வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுத் தள்ளிப் போய் நிற்பார். நான் காதொலிப்பானில் ஆலோசகருடன் உள்ளே இருப்பேன். அச்சத்துக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் போடச் சொன்னார். முதல் நாள் 90 போட்டேன். இருபது நிமிடம் ஒன்றும் செய்யாமல், மூச்சைக்கூடத் திருத்தாமல் உட்கார்ந்திருந்தபோது அது 55க்கு வந்தது. எதிரே சில்வர் ஓக் மரத்தில் சுற்றியிருந்த மிளகுக்கொடியில் எத்தனை சரம் இருந்தது என்பது இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. வாரம் ஒன்றிரண்டு வளைவாக இறங்கி, நான்காவது மாதத்தில் சேலம் அஸ்தம்பட்டியில் போய் நின்றேன்.

இத்தனையும் சொன்ன பிறகு, ஒன்றரை வருடமாக என் பொறுமையைத் தின்கிற விஷயத்துக்கு வருகிறேன். இங்கே மழை கனத்தால் மின்சாரம் போகும்; சிறிது நேரத்தில் சிக்னலும் போகும். அது யார் குற்றமும் அல்ல. ஆனால் 25 நிமிடம் தாண்டிய பிறகு இணைப்பு அறுந்தால், அமர்வு முடிந்ததாகச் செயலி கணக்கு வைத்துக்கொள்கிறது. அப்பா இறந்த நாளைப் பற்றி முதன்முதலாக வாய் திறந்த அன்று, ஆலோசகரின் முகம் கட்டம்கட்டமாக உடைந்து, அவர் ஏதோ சொல்ல வந்த வாயோடு உறைந்து நின்றது. சிக்னல் திரும்பியதும் திரையில் வந்தது அவர் முகம் அல்ல: "இன்றைய உரையாடலுக்கு எத்தனை நட்சத்திரம்?" மதிப்பெண் போடுவது என் தொழில், ஆனாலும் மூக்கைச் சிந்திக்கொண்டே போடுவதில்லை. ஏழு அமர்வுகள் இப்படிப் பாதியில் போனதற்குப் பணம் திரும்பக் கேட்டு எழுதினேன், இரண்டுக்குக் கிடைத்தது. துண்டிப்பையும் தனியாகச் சமாளிக்கும் பயிற்சியாக எடுத்துக்கொள்ளலாமே என்று ஆலோசகர் ஒருமுறை மென்மையாகச் சொன்னார். பணம் கட்டுகிறவளுக்கு அப்படித் தோன்றாது.

சேர நினைப்பவர்கள், விளம்பரத்தில் உள்ள முகத்தை நம்பாமல், ஆலோசகரின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு இருக்க வேண்டும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்துவிட்டால் அடுத்த புதன்கிழமை அமர்வுக்குக் காத்திருக்கவே கூடாது: 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.

தோழியிடம் நான் சொன்னது இதுதான்: நீ சேலத்திலேயே இருக்கிறாய், மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, தனியாரிடமும் நேரில் போகலாம், இந்தச் செயலி உனக்கு வேண்டாம். என் கையில் இருக்கும் 10 முடிந்ததும் நானும் நிறுத்திவிடப்போகிறேன் என்றேன். பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த என் கணவர், சென்ற முறை 10 வாங்கியபோதும் இதையேதான் சொன்னாய் என்றார்.