விடிய விடியக் கூத்து: கேனன் 700டியும் ஒரு பேட்டரி கிரிப்பும்

எனக்கு ஊர் செய்யாறு பக்கம். திரௌபதி அம்மன் கோயில் திருவிழா வந்தால் பகலில் பாரதச் சொற்பொழிவு, ராத்திரியில் கூத்து. பத்து மணிக்கு மேல் கட்டியக்காரன், அதாவது கூத்தைத் தொடங்கி வைத்துச் சிரிக்க வைக்கும் வேடக்காரர், வருவார். கடைசி வேடம் கலையும்போது கிழக்கு வெளுத்திருக்கும். என் பெரியப்பா முப்பது வருஷம் மத்தளம் வாசித்தவர். அவர் வாசிப்பது போல ஒரு படம்கூட எங்கள் வீட்டில் கிடையாது. அவர் போன பிறகுதான் அது எனக்கு உறைத்தது. இப்போது ஆடுகிறவர்களையாவது ஒழுங்காகப் படம் எடுத்து அவர்கள் கையில் கொடுக்க வேண்டும் என்று 2021-இல் கேமரா தேட ஆரம்பித்தேன்.

முதல் டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்த, லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா) வாங்கப் போகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றுதான். "அடியில பெருசா ஒண்ணு மாட்டியிருக்கீங்களே, அந்த பேட்டரி கிரிப் வாங்கலாமா?" கேமராவின் அடியில் மாட்டும், இரண்டு பேட்டரி கொள்ளும் பிடி அது. வாங்கலாம், ஆனால் நான்காவதாக வாங்குங்கள் என்பேன். முதலில் கேமரா. அடுத்து ஒரு 50 எம்எம் லென்ஸ். அப்புறம் உபரியாக ஒரு பேட்டரி. அதற்குப் பிறகும் கை கேட்டால் கிரிப்.

நான் எடுத்தது பழைய கேனன் 700டி. கேமராவோடு சேர்த்தே விற்கும் 18-55 கிட் லென்ஸோடு பத்தொன்பதாயிரம் ரூபாய். 2013-இல் வந்த மாடல், 18 மெகாபிக்சல். அதே கடையில் புதிய கேனன் 1500டியும் இருந்தது. 2018-இல் வந்தது, 24 மெகாபிக்சல். கடைக்காரர் அதைத்தான் எடுக்கச் சொன்னார். விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இரண்டையும் அரை மணி நேரம் கையில் வைத்துப் பார்த்துவிட்டுப் பழையதையே எடுத்தேன். இன்றுவரை அதற்காக வருத்தப்பட்டதில்லை.

காரணம் இதுதான். இரண்டிலும் போகஸ் புள்ளிகள் ஒன்பது. 700டியில் ஒன்பதுமே கிராஸ் வகை, அதாவது நெட்டுக் கோடு, குறுக்குக் கோடு இரண்டையும் வைத்து போகஸ் பிடிப்பவை. 1500டியில் நடுப்புள்ளி மட்டும் கிராஸ். மங்கல் வெளிச்சத்தில் ஓரப் புள்ளியை வைத்து முகத்தைப் பிடிக்கும்போது அந்த வித்தியாசம் தெரியும். 700டி நொடிக்கு 5 படம் எடுக்கும், 1500டி 3 படம். 700டியின் திரை வெளியே திரும்பும், தொட்டால் வேலை செய்யும். தரையில் உட்கார்ந்திருக்கும் ஜனங்களுக்கு நடுவில் கேமராவைத் தாழ்த்தி வைத்து எடுக்க அது ரொம்ப உதவி. மெகாபிக்சல் 18-ஓ 24-ஓ, வீட்டில் மாட்டுகிற அளவுக்குப் பிரிண்ட் போட்டால் கண்ணுக்குத் தெரியாது.

இன்னொரு சின்ன விஷயம், வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கவனிக்காதது. 1500டியில் மெமரி கார்டு அடியில், பேட்டரி அறைக்குள்ளேயே இருக்கிறது. 200டி வரிசையிலும் அப்படியே. 700டியில் பக்கவாட்டில் தனிக் கதவு. கிரிப் மாட்டுகிற எண்ணம் இருந்தால் இது முக்கியம். கிரிப்பின் தண்டு பேட்டரி அறைக்குள் போய் உட்காரும். கார்டும் அங்கேயே இருந்தால், அதை மாற்ற ஒவ்வொரு முறையும் கிரிப்பைக் கழற்ற வேண்டும்.

முதல் ராத்திரி கிட் லென்ஸோடு போனேன். குழல் விளக்கும் ஒரு ஃபோகஸ் லைட்டும்தான் வெளிச்சம். 55 எம்எம் பக்கம் போனால் அந்த லென்ஸின் திறப்பு எஃப் 5.6-க்கு மேல் விரியாது. இந்த எண் குறையக் குறையத்தான் திறப்பு பெரிது. கட்டை வேடக்காரர் (மரக்கட்டை அணிகள் பூண்டு ஆடுகிறவர்) கிரிக்கி போட்டுச் சுழலும்போது கிரீடம், புஜக்கட்டை, முகம் எல்லாம் ஒரே கோடாகக் கரைந்து வந்தது. பிளாஷ் அடிக்க எனக்கு மனசு வரவில்லை. எதிரே நின்று ஆடுகிறவர் கண்ணில் அது மின்னல் மாதிரி விழும். அரிதாரத்தின் சிவப்பும் பச்சையும் வெளுத்துச் சப்பையாகிவிடும்.

அடுத்த மாதம் பழைய 50 எம்எம் எஃப் 1.8 எஸ்டிஎம் லென்ஸ் ஒன்று ஆறாயிரத்துக்குக் கிடைத்தது. 160 கிராம்தான். 5.6-லிருந்து 1.8-க்கு வந்தால் உள்ளே வரும் வெளிச்சம் கிட்டத்தட்ட பத்து மடங்கு. அன்று ராத்திரி எஃப் 2, ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை கேமரா எவ்வளவு கூட்டிக் காட்டும் என்ற அளவு) 1600, நொடியில் 250-இல் ஒரு பங்கு என்று வைத்து எடுத்ததில் துரியோதனன் வேடக்காரரின் புருவ மை கோடு கோடாகத் தெரிந்தது. சுழலும்போது மட்டும் ஐஎஸ்ஓ 3200-க்கு ஏற்றி 500-இல் ஒரு பங்குக்குப் போவேன். படத்தில் புள்ளி புள்ளியாகப் பொரி தட்டும். பரவாயில்லை, உருவம் நிற்கிறது. கையில் இருக்கிற பணத்தில் கிரிப்பா லென்ஸா என்று யோசிப்பவர்கள் இந்த ஒன்றுக்காகவே லென்ஸை வாங்கிவிடலாம்.

நிக்கான் பக்கம் போகிறவர்கள் இங்கே ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள். டி3500, டி5600 இரண்டிலும் போகஸ் மோட்டார் பாடிக்குள் (லென்ஸ் நீங்கலான கேமராவுக்குள்) கிடையாது. பழைய கடையில் மலிவாகக் கிடைக்கும் 50 எம்எம் 1.8டி லென்ஸ் அவற்றில் மாட்டும், ஆனால் ஆட்டோ போகஸ் ஆகாது. பெயரின் கடைசியில் ஜி இருப்பதைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

சரி, பேட்டரிக்கு வருவோம். 700டியில் போடுவது எல்பி-ஈ8, 1120 எம்ஏஎச். கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் வழியாக எடுத்தால் ஒரு சார்ஜில் 440 படம் என்று கம்பெனிக் கணக்கு. பாதிப் படங்களுக்கு பிளாஷ் அடித்துப் பார்க்கிற கணக்கு அது. பிளாஷே அடிக்காத எனக்கு 600 வரை வந்திருக்கிறது. திரையில் பார்த்து எடுக்கும் லைவ் வியூவில் அந்தக் கணக்கு 180-க்கு இறங்கிவிடும். ஒரு ராத்திரிக் கூத்தில் நான் எடுப்பது ஆயிரத்து இருநூறிலிருந்து ஆயிரத்து நானூறு வரை. ஒரு பேட்டரி நிச்சயம் போதாது. மூன்று வேண்டும்.

ஆனால் மூன்று பேட்டரிக்காக கிரிப் வேண்டியதில்லை. சட்டைப் பையில் இரண்டைப் போட்டுக்கொண்டால் ஆயிற்று. மாற்ற அரை நிமிஷம். கட்டியக்காரன் சபையைச் சிரிக்க வைத்துக்கொண்டிருக்கும்போதோ பின்பாட்டு நீளும்போதோ மாற்றிவிடலாம். உபரி பேட்டரி மட்டும் அசலாக வாங்குங்கள். நான் வாங்கிய மலிவு பேட்டரி ஒன்று, பாதிக்கு மேல் இருப்பதாகக் காட்டிக்கொண்டே இருந்து பட்டென்று அணைந்தது. அசல் மூவாயிரத்துக்கு மேல் ஆனது. அது நாலு வருஷமாக உழைக்கிறது.

பிறகு நான் ஏன் கிரிப் வாங்கினேன்? கைக்காக. கூத்துக்காரர் நின்று ஆடுகிறவர். தலையில் கிரீடம், தோளில் புஜக்கட்டை, கீழே சலங்கை. அடி முதல் முடி வரை வேண்டுமென்றால் கேமராவை நெட்டுவாக்கில் பிடித்தே ஆக வேண்டும். என் படங்களில் பத்துக்கு ஏழு நெட்டுவாக்கில்தான் இருக்கும். வெறும் கேமராவை அப்படித் திருப்பினால் வலது முழங்கை தலைக்கு மேலே போய்விடும். ஒரு மணி நேரத்தில் தோள் கடுக்கும், மூன்று மணிக்கெல்லாம் கை நடுங்கும், பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கும் மறைக்கும். கிரிப்பில் நெட்டுவாக்குக்கென்று தனியாக ஒரு ஷட்டர் பட்டனும் சுழற்றும் டயலும் இருக்கின்றன. இரண்டு முழங்கையையும் விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு எடுக்கலாம். அந்த ஒரு வசதிக்குத்தான் நான் காசு கொடுத்தேன். பேட்டரி கூடுதலாகக் கிடைத்தது.

முதலில் வாங்கியது வேறு கம்பெனி தயாரித்தது, இரண்டாயிரத்து இருநூறு ரூபாய். பெயர் வேண்டாம். இரண்டாவது ராத்திரியே படுத்தியது. துரியோதனன் திரைக்குப் பின்னால் நின்று பாடி முடித்து, திரை விலகி சபைக்குள் இறங்குகிற நேரம். நான் பட்டனை அழுத்துகிறேன், கேமரா செத்துக் கிடக்கிறது. அடியில் கேமராவோடு முறுக்கிப் பிடிக்கும் திருகு தானாகத் தளர்ந்து, மின்தொடர்பு விட்டுப் போயிருந்தது. இறுக்கி மறுபடி உயிர் வருவதற்குள் அவர் முதல் சுற்று ஆடி முடித்துவிட்டார். ஒரு வருஷம் காத்திருந்த படம் அது. அந்தக் கிரிப்பில் பட்டனும் சரியில்லை. பாதி அழுத்தினால் போகஸ், முழுதாக அழுத்தினால் படம் என்ற இரண்டு கட்டம் விரலுக்குப் பிடிபடவே இல்லை. தொட்டாலே எடுத்துவிடும்.

அதைக் கழற்றி வைத்துவிட்டு, கேனனின் அசல் பிஜி-ஈ8 ஒன்றைப் பழையதாக நாலாயிரத்து ஐந்நூறுக்கு வாங்கினேன். இது 550டி, 600டி, 650டி, 700டி நான்குக்கும் பொருந்தும். அதனால் பழைய சந்தையில் தேடினால் கிடைக்கிறது. இரண்டு எல்பி-ஈ8 போடலாம், ஒன்று மட்டும் போட்டாலும் ஓடும். கூடவே வரும் இன்னொரு தட்டில் ஆறு ஏஏ பேட்டரி போட்டும் ஓட்டலாம். பெட்டிக்கடையில் கிடைக்கிற பேட்டரி அது. ஒருமுறை கரண்ட் போய் சார்ஜ் ஏற்ற முடியாத அன்று, ரீசார்ஜ் ஆகும் ஏஏ ஆறை வைத்து, பாரதப் போரின் முடிவை நடித்துக் காட்டும் படுகளத்தை எடுத்து முடித்தேன். மண்ணில் செய்த துரியோதனன் உருவம் நீட்டிப் படுத்திருக்க, ஊரே சுற்றி நிற்கிற நேரம். அந்தத் தட்டு இல்லையென்றால் அந்தப் படங்கள் இல்லை.

குறையும் சொல்ல வேண்டும். பாடி, பேட்டரி, கார்டு சேர்த்து 580 கிராம் இருந்த கேமரா, 50 எம்எம் லென்ஸும் கிரிப்பும் இரண்டு பேட்டரியும் சேர்ந்ததும் மளிகைக் கடைத் தராசில் ஒரு கிலோவைத் தாண்டியது. கேமராவோடு வந்த வாரில் கழுத்தில் மாட்டினால் விடியும்போது பிடரி எரியும். குறுக்காகத் தோளில் போடும் அகல வார் ஒன்று தனியாக வாங்கினேன். பேட்டரிகளை கிரிப்புக்குள் வைத்து சார்ஜ் ஏற்ற முடியாது. வெளியே எடுத்து ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும், ஒன்றுக்கு இரண்டு மணி நேரம். மதியமே ஆரம்பித்துவிட வேண்டும். கிரிப் மாட்டினால் நொடிக்கு எடுக்கும் படங்கள் கூடும் என்று சிலர் சொல்வார்கள். நிக்கான் டி300, டி700 போன்ற பெரிய கேமராக்களில், தகுந்த பேட்டரி போட்டால் அது உண்மை. 700டியில் முன்னாலும் ஐந்துதான், பின்னாலும் ஐந்துதான்.

போன வருஷம் என் அக்கா மகள் கல்லூரியில் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) சேர்ந்தாள். "மாமா, உங்களுது மாதிரியே கிரிப்போட வேணும்" என்று நின்றாள். "ஒரு நாள் முழுக்க இதையே வெச்சு எடுத்துப் பாரும்மா" என்று கொடுத்து அனுப்பினேன். ஆரணியில் தறி வேலை செய்யும் வீடுகளில் எடுக்கப் போனாள். குறுகலான அறை, தறிக்குழிக்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார வேண்டும், எடுப்பதெல்லாம் கிடைவாக்கு. சாயங்காலம் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே வந்து, "பட்டன் எட்டவே இல்ல மாமா" என்றாள். அவள் கை சின்னது.

அவளுக்குக் கடைசியில் எடுத்துக் கொடுத்தது 200டி மார்க் 2. பழையதுதான். 449 கிராம். ஒரு சார்ஜில் 1070 படம் என்பது கம்பெனிக் கணக்கு. அதற்குக் கேனன் கிரிப்பே தயாரிக்கவில்லை, அவளுக்குத் தேவையும் இல்லை. நிக்கானில் டி3500 பார்த்தோம். அதில் 1550 வரை போகும், ரொம்ப லேசு, ஆனால் திரை திரும்பாது. டி5600-க்குத் திரை திரும்பும், 970 படம் வரும். அவள் வகுப்பில் எல்லோரும் கேனன் லென்ஸ் வைத்திருந்ததால், மாற்றி வாங்கி எடுக்கலாம் என்று கேனனுக்கே போனோம். அது நல்ல யோசனை என்று இப்போதும் நினைக்கிறேன்.

நிக்கானின் இந்த இரண்டு மாடலுக்கும் கம்பெனி கிரிப் கிடையாது. டி5600-க்கு வெளியார் தயாரிப்பதை மாட்டினால், அதன் ஷட்டர் பட்டன் வேலை செய்ய ஒரு குட்டி வயரைக் கேமராவின் பக்கவாட்டில் செருக வேண்டும். டி3500-இல் அந்த வாயே இல்லை. கிரிப்பும் வேண்டும், நிக்கானும் வேண்டும் என்றால் பழைய டி7100 அல்லது டி7200 தேடுங்கள். இரண்டுக்கும் எம்பி-டி15 என்ற ஒரே அசல் கிரிப். அதற்கடுத்து வந்த டி7500-க்கு அசல் கிரிப் இல்லை, ஏமாந்துவிடாதீர்கள்.

இந்தக் காலத்தில் டிஎஸ்எல்ஆரா என்று கேட்பவர்களும் உண்டு. கேனன், நிக்கான் இரண்டுமே 2020-க்குப் பிறகு புது டிஎஸ்எல்ஆர் கொண்டு வரவில்லை, எல்லாம் உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் ஆகிவிட்டது. அதனால்தான் நல்ல பாடியும் லென்ஸும் நம் கைக்கு எட்டும் விலையில் பழைய சந்தைக்கு வருகின்றன. கண்ணாடி வழியாகப் பார்க்கிற வியூஃபைண்டர் பேட்டரியைத் தின்னாது. கூத்தில் திரை எப்போது விலகும் என்று நான் பத்து நிமிஷம் கண்ணை எடுக்காமல் காத்திருந்தாலும் சார்ஜ் அப்படியே இருக்கும்.

மாசி, பங்குனியில் தொடங்கி ஆடி வரை கிரிப் என் கேமராவில் இருக்கும். ஒவ்வொரு ராத்திரியும் கிளம்பும் முன்னால் அந்தத் திருகை ஒருமுறை இறுக்கிப் பார்த்துக்கொள்வேன். மற்ற மாதங்களில் கழற்றி, பேட்டரிகளை வெளியே எடுத்து, தனித்தனியாக மூடி போட்டு வைக்கிறேன். கிரிப் மாட்டும்போது கேமராவின் பேட்டரிக் கதவைக் கழற்ற வேண்டியிருக்கும். அதைச் செருகி வைக்க பிஜி-ஈ8-லேயே ஒரு பள்ளம் இருக்கிறது. கழற்றின கையோடு அதில் வைத்துவிடுங்கள். நான் அதைச் சட்டைப் பையில் போட்டுத் தொலைத்துவிட்டு, ஒரு துண்டு பிளாஸ்டிக்குக்காக மூன்று கடை ஏறி இறங்கினேன்.