கரண்ட் பிடிக்க முதலே ஊசியா, முடிந்த பிறகா?

அம்மாவுக்குக் கொடுப்பில் புற்று. மட்டக்களப்பு பெரியாஸ்பத்திரியில் கரண்ட் பிடிக்க, அதாவது கதிர்ச் சிகிச்சைக்கு, நாள் குறித்ததும் வீட்டில் ஒரே வாக்குவாதம்: ஃபுளூ ஊசியை முதலே போடுவதா, உடம்பு தேறிய பிறகா? மாரி தொடங்கி, களுவாஞ்சிக்குடியில் வீட்டுக்கு வீடு காய்ச்சல். டொக்டரிடம் கேட்டு முதலே போட்டோம். அதுதான் சரியென்று இன்றும் சொல்வேன்.

பிந்திப் போடுவதிலும் நியாயம் உண்டு. ஊசிக் காய்ச்சலும் சிகிச்சைக் களைப்பும் ஒன்றாகிக் குழப்பாது. ஆனால் அந்த ஆறேழு கிழமையும் காப்பில்லாமல் பஸ்ஸில் போய்வர வேண்டும்.

என் மனதை முடிவுக்குக் கொண்டுவந்தது, கதிர் எதை அழிக்கும், எதை விடும் என்பதுதான். புதிய கிருமியை அடையாளம் பழகுகிற லிம்போசைட் வெள்ளணுக்கள் கொஞ்சக் கதிருக்கே சாகும். கன்னத்தில் மட்டும் படுகிற கதிர்தானே என்று நினைத்திருந்தேன். ஆனால் அந்த இடத்தால் இரத்தம் ஓடிக்கொண்டே இருக்கிறது; இந்த வெள்ளணுக்கள் தங்கும் கழுத்து நெறிகளும் பெரும்பாலும் கதிருக்குள் வரும். திங்கள் தொட்டு வெள்ளி வரை கரண்ட் பிடிக்கப் பிடிக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிற வெள்ளணு, சிகிச்சை முடிந்தும் பல மாதம் தேறாமல் இருக்கலாம். அந்த நேரத்தில் போடும் ஊசிக்கு, கிருமியை எதிர்க்கும் பிறபொருளெதிரி குறைவாகவே ஊறும்.

முன்பே ஊறியது அப்படியல்ல. இரத்தத்தில் உள்ள பிறபொருளெதிரி ஏறக்குறைய 3 கிழமையில் பாதியாகும் என்றாலும், அதைச் சுரக்கும் முதிர்ந்த அணுக்கள் எலும்பு மச்சைக்குள் இருந்து ஈடுசெய்யும். அவை கதிரை நன்றாகத் தாங்கும். அதனால்தான் ஓரிடத்துக் கதிரால் பழைய சின்னமுத்துக் காப்பு பொதுவாகப் போய்விடுவதில்லை. மச்சை மாற்றுவதற்காக முழு உடம்புக்கும் கதிர் கொடுத்தவர்களுக்கோ ஊசிகளைத் திரும்பப் போடவேண்டி வரும்.

கிருமியைக் கொன்று செய்த ஊசியென்றால் கரண்ட் தொடங்கக் குறைந்தது 2 கிழமை முந்தி. உயிருள்ள கிருமி ஊசி குறைந்தது 4 கிழமை முந்தி, சிகிச்சை நடக்கும்போது கூடவே கூடாது. அவ்வளவு நாள் இல்லையென்றால் ஊசிக்காகக் கரண்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

அம்மாவுக்குக் கீமோ இல்லை. அதுவும் சேர்ந்தால் கணக்கு மாறும், டொக்டரைத்தான் கேட்க வேண்டும். அவவுக்குக் காய்ச்சல் வராதது ஊசியாலா, ஆட்களை அண்டவிடாததாலா என்று ஒரு ஆளை வைத்துச் சொல்ல ஏலாது.

ஒருநாள், கரண்ட் பிடிக்கும்போது தலை அசையாமல் இருக்கப் போடும் வலை முகக்கவசத்தின் தடம் கன்னத்தில் அழியாமலே பஸ் ஏறினோம். பக்கத்தில் ஒருவர் இருமினார். அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, என்னைப் பார்த்து, "உங்கட பிள்ளைகளுக்கும் போட்டாச்சா மனே?" என்று கேட்டா. அடுத்த நாளே போட்டுவிட்டோம்.