அரிய கடல் ஏஞ்சல் மீன்கள்: எது, ஏன் அரிது, எதை வாங்கலாம்?

விற்பனைப் பட்டியலில் ஒரு கடல் ஏஞ்சல் மீனுக்கு எதிரே "அரிது" என்று குறித்திருந்தால், அந்தச் சொல்லுக்கு நான்கு வெவ்வேறு பொருள்கள் இருக்கக்கூடும். அந்த மீன் சாதாரண முக்குளிப்பவர் இறங்க முடியாத ஆழத்தில் வாழ்வதாக இருக்கலாம்; உலகத்தில் ஒரேயொரு தீவையோ தீவுக்கூட்டத்தையோ சுற்றி மட்டும் வாழ்வதாக இருக்கலாம்; அதைப் பிடிப்பதையோ ஏற்றுமதி செய்வதையோ சட்டம் கட்டுப்படுத்தியிருக்கலாம்; அல்லது தொட்டியில் உணவைத் தொடாமல் மெலிந்து இறந்துபோவதால், அனுபவமுள்ள வணிகர்கள் அதைக் கொண்டுவருவதையே நிறுத்தியிருக்கலாம். முதல் மூன்றும் மீனைப் பெறுவதில் உள்ள சிக்கல்கள். நான்காவது, பெற்ற மீனை உயிரோடு வைத்திருப்பதில் உள்ள சிக்கல். விலை இந்த வேறுபாட்டைக் காட்டுவதில்லை. ஆகவே கடல் ஏஞ்சல் மீன்களின் குடும்பமான பொமகாந்திடேயின் ஏறத்தாழ 90 இனங்களுள் சேகரிப்பவர்கள் பெரிதும் தேடும் ஆறு மீன்களை, அவை அரிதாக இருப்பதன் காரணத்தை அளவுகோலாகக் கொண்டு, இரண்டிரண்டாக ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

ஹவாய்த் தீவுகளின் இரு மீன்கள்: மாஸ்க்டு, பேண்டிட்

மேலே சொன்ன வேறுபாட்டை இந்த இணையைவிடத் தெளிவாகக் காட்டும் இணை வேறில்லை. இரண்டும் ஒரே தீவுக்கூட்டத்தைச் சேர்ந்தவை, இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவுக்கு வளர்பவை. ஆனால் தொட்டிக்குள் வந்த பிறகு அவற்றின் வாழ்க்கை முற்றிலும் வேறு திசைகளில் செல்கிறது.

மாஸ்க்டு ஏஞ்சல், அதாவது ஜெனிகாந்தஸ் பெர்சொனாட்டஸ், மீனியல் அறிஞர் ஜான் ராண்டல் 1975இல் விவரித்த இனம். பெண் மீன் வெண்ணிற உடலும் கறுப்பு முகமூடியும் கொண்டது. அது ஆணாக மாறும்போது முகமூடி மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த நிறத்துக்கு வந்துவிடும். ஹவாயின் முதன்மைத் தீவுகளில் இது ஆழத்தில் அரிதாகவே தென்படுகிறது. ஓரளவு எண்ணிக்கையில் வாழும் வடமேற்குத் தீவுகளோ 2006இல் பாபஹானௌமொகுவாகேயா கடல்சார் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டு, 2016இல் மேலும் விரிவாக்கப்பட்ட பாதுகாப்புப் பகுதிக்குள் அமைந்துள்ளன. எனவே இதன் அருமைக்குக் காரணம் ஆழமும் சட்டமும் மட்டுமே. ஜெனிகாந்தஸ் இனங்கள் பாறையைக் கொறித்து உண்பவை அல்ல. நடுநீரில் மிதந்துவரும் சிறு மிதவை உயிரிகளைப் பிடித்து உண்பவை. ஆகவே மைசிஸ் இறால், மீன்முட்டை, சிறு பெல்லட் (உலர் உணவு உருண்டை) ஆகியவற்றைப் பெரும்பாலும் தயக்கமின்றி ஏற்றுக்கொள்கின்றன. பவளங்களையும் தொந்தரவு செய்வதில்லை. நாளுக்கு மூன்று நான்கு முறை சிறிது சிறிதாக உணவிடவும், நீந்துவதற்கு நீண்ட திறந்தவெளி உள்ள 700 லிட்டர் தொட்டியொன்றை ஒதுக்கவும் முடிந்தவருக்கு, இந்த அரிய மீன் பல சாதாரண ஏஞ்சல்களைவிட எளிய மீன்.

பேண்டிட் ஏஞ்சல், அபொலெமிக்திஸ் ஆர்குவாட்டஸ், 1831ஆம் ஆண்டிலிருந்தே அறிவியலுக்குத் தெரிந்த இனம். கண்ணின் குறுக்காகத் தொடங்கி முதுகு வரை வளைந்தேறும் கறுப்புப் பட்டை, கொள்ளைக்காரனின் கண்கட்டு போலத் தோன்றுவதால் இப்பெயர். ஹவாயிலும் ஜான்ஸ்டன் பவளத்தீவிலும் வாழும் இது, மாஸ்க்டு மீனைவிட முக்குளிப்பவர் கண்ணில் எளிதாகப் படக்கூடியது. கடலில் அதன் முதன்மை உணவு கடற்பஞ்சு. தொட்டிக்கு வந்த முதல் வாரத்தில் லைவ் ராக்கில் (கடலிலிருந்து உயிரிகளோடு எடுத்துவந்த பாறையில்) ஒட்டியிருக்கும் கடற்பஞ்சுகளைத் தின்று திருப்தியாக இருப்பதுபோல் காட்டிக்கொள்ளும். அவை தீர்ந்ததும் வயிறு உள்வாங்கத் தொடங்கும். கடற்பஞ்சு கலந்த உறைந்த உணவுகள் கடைகளில் கிடைக்கின்றன, சில மீன்கள் அவற்றுக்குப் பழகவும் செய்கின்றன. ஆனால் எது பழகும், எது பழகாது என்பதை வாங்கும்போது கணிக்க வழியில்லை. ஹவாயில் வணிக நோக்கில் மீன்தொட்டிக்காக மீன் பிடிப்பதற்கான அனுமதிகள் சுற்றுச்சூழல் ஆய்வுக்கு உட்பட்டவை என 2017இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, ஹவாய் மீன்களின் வரத்து பெரிதும் குறைந்தது. அதன் விளைவாகப் பேண்டிட் மீனும் "அரிது" என்ற பெயரைப் பெற்று விலையேறியது. என் தீர்ப்பு கடுமையாகத் தோன்றலாம்: மாஸ்க்டு மீனுக்காகச் சேமிக்கலாம், பேண்டிட் மீன் இலவசமாகக் கிடைத்தாலும் அதன் உணவுக்கு உறுதியான ஏற்பாடு இல்லாதவர் வாங்கக் கூடாது.

இரு குள்ள மீன்கள்: ரெஸ்பிளெண்டென்ட், பெப்பர்மின்ட்

சென்ட்ரோபைஜி ரெஸ்பிளெண்டென்ஸ் தென் அட்லாண்டிக்கில் உள்ள அசென்ஷன் தீவுக்குரிய மீன். விரல் நீளமே வளரும். கருநீல உடலில் முதுகை ஒட்டி மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த நிறம் படர்ந்திருக்கும். 2019இல் அத்தீவின் கடற்பரப்பு முழுவதும் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டுவிட்டது. பெப்பர்மின்ட் ஏஞ்சலோ, பசிபிக்கின் குக் தீவுகளில் 50 மீட்டருக்குக் கீழே, பெரும்பாலும் 100 மீட்டரை ஒட்டிய ஆழத்தில் வாழ்வது; ரிச்சர்ட் பைலும் ஜான் ராண்டலும் 1992இல் விவரித்தது. சிவப்பும் வெள்ளையும் மாறிமாறி வரும் பட்டைகளால் அது மிட்டாய் போலத் தோன்றும்.

அளவில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடில்லை. பாறை இடுக்குகள் நிறைந்த 250 லிட்டர் தொட்டி இரண்டுக்கும் உடலளவில் போதும். ஆனால் பெப்பர்மின்ட் மீனைப் பிடிப்பதற்கு வெளிவிட்ட மூச்சைச் சுத்திகரித்து மீண்டும் சுவாசிக்கத் தரும் ரீபிரீதர் கருவியும் ஹீலியம் கலந்த வாயுவும் தேவைப்படுகின்றன. சில நிமிடங்கள் கீழே வேலை செய்த முக்குளிப்பவர் பல மணி நேரம் படிப்படியாக மேலேற வேண்டியுள்ளது. மீனுக்கும் அதே சிக்கல்தான்: அழுத்தம் குறையக் குறைய அதன் காற்றுப்பை விரிந்து உள்ளுறுப்புகளை நெருக்கும். மெதுவாக மேலேற்றுவது, அழுத்தக் கலனில் வைப்பது, மெல்லிய ஊசியால் காற்றை வெளியேற்றுவது என்று மூன்று வழிகள் கையாளப்படுகின்றன. ஊசி வழி தேர்ந்த கைகளில் பயன் தருவது. அவசரக் கைகளிலோ பல வாரங்கள் கழித்து வெளிப்படும் சீழ்த்தொற்றுக்கு வித்திடுவது. ஹொனலூலுவின் வைகீகி காட்சியகம் இம்மீனைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தது நினைவிருக்கலாம். குளிர்ந்த நீரும் மங்கிய ஒளியும் இடைவிடாத கண்காணிப்பும் கொண்ட அத்தகைய இடம்தான் அதற்கு ஏற்றது என்று கருதுகிறேன்.

ரெஸ்பிளெண்டென்ட் மீனின் கதை வேறு. கடலிலிருந்து அது வருவது நின்றுபோனாலும், குள்ள ஏஞ்சல்களைக் குஞ்சு நிலையிலிருந்து வளர்த்தெடுப்பதில் முன்னோடியான ஃபிராங்க் பேன்ஷ் 2000களின் தொடக்கத்தில் ஹவாயில் இனப்பெருக்கம் செய்த இனங்களுள் இதுவும் ஒன்று. அதாவது இது பண்ணையில் பிறந்த மீனாகவே பெரும்பாலும் நமக்குக் கிடைக்கிறது. இங்கே சேகரிப்பவர்களுக்குச் சற்றுக் கசப்பான ஒரு செய்தியையும் சொல்ல வேண்டும். இதற்கும், கரீபியனில் எளிதாகக் கிடைக்கும் இதன் அட்லாண்டிக் உறவினங்களான ஆர்ஜி, ஆரண்டோனோட்டஸ் ஆகியவற்றுக்கும் இடையே மைட்டோகாண்டிரியா மரபணுவில் தெளிவான பிரிவே இல்லை என்று 2006இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. நிறத்தின் பங்கீட்டுக்கும் ஊர்ப்பெயருக்கும்தான் நாம் கூடுதல் விலை கொடுக்கிறோம். அது தெரிந்தே கொடுப்பதில் தவறில்லை. தெரியாமல் கொடுக்க வேண்டாம். அழகு மட்டுமே தேவையென்றால் ஆரண்டோனோட்டஸ் போதும்.

பெரிய மீன்கள் இரண்டு

கிளாரியன் ஏஞ்சல் மெக்சிகோவின் ரெவில்லாகிகெடோ தீவுகளுக்குரியது. முழு வளர்ச்சியில் 20 சென்டிமீட்டர் அளவுக்கு, செம்மஞ்சள் நிறத்தில் தணல்போல் ஒளிரும். காட்டுயிர் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் 2016ஆம் ஆண்டு மாநாட்டில் இது சேர்க்கப்பட்டது. இதைத் தடை என்று பலர் தவறாகப் புரிந்துகொள்கின்றனர். ஏற்றுமதி அனுமதிச் சான்று இல்லாமல் எல்லை கடக்கக் கூடாது என்பதுதான் இதன் பொருள். அச்சான்றில் மீனின் மூலம் ஓர் எழுத்தால் குறிக்கப்பட்டிருக்கும்: "டபிள்யூ" என்றால் கடலில் பிடித்தது, "சி" என்றால் உடன்படிக்கையின் வரையறைப்படி பண்ணையில் இனப்பெருக்கம் செய்தது, "எஃப்" என்றால் பண்ணையில் பிறந்தும் அந்த வரையறையை முழுமையாக நிறைவு செய்யாதது. விற்பவர் வாய்மொழியாகச் சொல்வதைவிட இந்த ஓர் எழுத்தைப் பார்ப்பது நல்லது. இந்தோனேசியாவின் பாலித் தீவில் உள்ள பண்ணையொன்றில் பிறந்த கிளாரியன் குஞ்சுகள் சில ஆண்டுகளாகச் சந்தைக்கு வருகின்றன.

கான்ஸ்பிக்யூவஸ் ஏஞ்சல், கீட்டோடோண்டோபிளஸ் கான்ஸ்பிசிலாட்டஸ், லார்டு ஹோவ் தீவு, நியூ கலிடோனியா ஆகிய பகுதிகளைச் சேர்ந்தது. அறிவியற்பெயருக்கு "கண்ணாடி அணிந்தது" என்று பொருள். முகத்தைப் பார்த்தால் காரணம் விளங்கும். இது 25 சென்டிமீட்டர் வரை வளரும். இதன் குணம் கிளாரியனைவிடச் சாந்தமானது. உணவிலும் பெரிய பிடிவாதம் இல்லை. ஆனால் 20 முதல் 24 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையை விரும்புவதால், வெப்பமண்டலப் பவளங்களோடு 26 டிகிரியில் வைத்திருப்பவரால் அதற்கு நெடுநாள் நீதி செய்ய முடியாது. நீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவி வைக்கத் தயாராக இருப்பவருக்கு இது. வெப்பநிலையில் கவலையில்லை, ஆனால் 800 லிட்டருக்குக் குறையாத தொட்டியும், முரட்டுத்தனத்தைப் பொறுக்கும் துணைமீன்களும் இருக்கின்றன என்பவருக்குக் கிளாரியன். கிளாரியன் சேர்ந்த ஹோலகாந்தஸ் பேரினத்தவை அனைத்துமே வளர வளரத் தொட்டியைத் தம் ஆட்சிப்பரப்பாக எண்ணிக்கொள்பவை என்பதை மறக்க வேண்டாம்.

கடல் மீனா, பண்ணை மீனா?

ஒரே இனம் இருவழியிலும் கிடைக்கும்போது எழும் கேள்வி இது. பண்ணை மீன் ஏன் விலை கூடியது என்பதை அறிந்தால்தான் ஒப்பீடு நேர்மையாக இருக்கும். ஏஞ்சல் மீன்கள் அந்தி நேரத்தில் இணையாக மேலெழுந்து, ஒரு மில்லிமீட்டருக்கும் சிறிய முட்டைகளை நீரில் மிதக்கவிடுகின்றன. ஒரு நாளுக்குள் பொரிக்கும் குஞ்சுக்கு முதலில் வாயும் இல்லை, கண்ணும் இல்லை. மூன்றாம் நாளளவில் மஞ்சட்கரு தீரும்போது உடனே இரை வேண்டும். கோமாளி மீன் குஞ்சுகளுக்குப் போதுமான ரோட்டிஃபர் என்னும் நுண்ணிய மிதவை உயிரிகூட இவற்றின் வாய்க்குப் பெரிது. பார்வோகேலனஸ் என்னும் கோப்பெபாடின் (நுண்ணிய ஓட்டுடலியின்) இளநிலைகளை இடைவிடாது வளர்த்து ஊட்டும் முறை கைவந்த பிறகே ஏஞ்சல் குஞ்சுகள் பிழைத்தன. அதற்குப் பின்னும் குஞ்சு மீனுருவம் பெற ஏறத்தாழ இரண்டு மாதங்கள் ஆகின்றன. அந்த உழைப்புக்குத்தான் விலை.

அந்த விலைக்கு ஈடாகக் கிடைப்பது முதன்மையாக உணவுப் பழக்கம். பண்ணை மீன் முதல் நாளே பெல்லட் தின்னும். கடலில் பிடித்த மீன் நோரி என்னும் உலர்ந்த கடற்பாசி, மைசிஸ், ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர் இறால் என்று ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்க வைக்கும். மேலும், சயனைடு கொண்டு மயக்கிப் பிடிக்கப்பட்டதோ என்ற ஐயமும், காற்றுப்பைக் காயமும் பண்ணை மீனுக்கு இல்லை. கடலில் பிடித்த மீனை வாங்குவதானால், அது கண்முன்னே உண்பதையும், வால் மேலே தூக்காமல் நேராக நீந்துவதையும், தலைக்குப் பின்புறத் தசை வற்றாமல் இருப்பதையும் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

பண்ணை மீனிடமும் குறை உண்டு. சிலவற்றின் செவுள்மூடி சுருண்டிருக்கும், கோடுகள் ஒழுங்கற்று அமைந்திருக்கும், நிறம் கடல் மீனின் ஆழத்தை எட்டாது. சேகரிப்பவரின் கண்ணுக்கு இது உறுத்தலாம், எனக்கு உறுத்துவதில்லை. இதைவிடப் பெரிய ஏமாற்று வேறொன்று: "பண்ணையில் பிறந்தது, நோய் இராது" என்று தனிமைத் தொட்டியைத் தவிர்ப்பது. வழியில் மொத்த வணிகரின் பொதுநீரில் ஒரு நாள் தங்கினாலே வெண்புள்ளி நோயைத் தரும் கிரிப்டோகாரியான் ஒட்டிக்கொள்ளும். இரு வகை மீன்களையும் குறைந்தது 30 நாட்கள் தனியே வைத்துப் பார்க்க வேண்டும். தாமிர மருந்து தேவைப்பட்டால், குள்ள ஏஞ்சல்கள் அதற்குக் கூருணர்வு கொண்டவை என்பதால் அளவைப் பல நாட்களில் மெல்ல உயர்த்துவதும், நாள்தோறும் அளந்து பார்ப்பதும் அவசியம். இந்த ஒரு மாதத்தைக் காத்திருக்க மனமில்லாதவருக்குக் கடல் மீன், பண்ணை மீன் என்ற ஒப்பீடே பயனற்றது.

இரண்டு அரிய ஏஞ்சல்களை ஒரே தொட்டியில் வைக்க விரும்புவோர் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவற்றைத் தவிர்ப்பது நல்லது. மாஸ்க்டு, கிளாரியன் இரண்டையும் பெரிய தொட்டியில் சேர்த்து வைக்கலாம். ஆனால் மாஸ்க்டு முதலில் குடியேறி உணவுக்குப் பழகி ஓரிரு மாதங்கள் ஆன பிறகே கிளாரியனை, அதுவும் மாஸ்க்டைவிடச் சிறிய குஞ்சாக, விட வேண்டும். மாற்றும்போது கைவலையைத் தவிர்த்து, நீரோடு சேர்த்து ஒரு கலத்தில் அள்ளி எடுக்க வேண்டும். ஏஞ்சல் மீனைப் பட்டாம்பூச்சி மீனிலிருந்து பிரித்துக்காட்டும் செவுள்மூடி முள் வலையில் சிக்கினால், அதை விடுவிப்பதற்குள் மீனும் கிழியும், கையும் கிழியும்.