ஈனோ டபுள்நெஸ்ட் ஹேமக்: துணி அருமை, கட்டுவதில்தான் சூட்சுமம்

இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டிப் படுக்கும் துணி ஊஞ்சல்தான் ஹேமக். ஈனோ நிறுவனத்தின் இந்த டபுள்நெஸ்ட், சுமார் அரைக் கிலோ எடை, 400 பவுண்டு (ஏறக்குறைய 181 கிலோ) தாங்கும் நைலான் துணி. ஈரம் சீக்கிரம் காயும். ஆனால் மரத்தில் சுற்றும் பட்டைகள் பெட்டியில் வராது, தனியாக வாங்க வேண்டும். காசை மிச்சம் பிடிக்க மெல்லிய கயிறு கட்டாதீர்கள்: மரப்பட்டையை அறுக்கும், இழுபட்டுத் தளரும். ஓரங்குல அகலப் பாலியெஸ்டர் பட்டையே சரி.

பலரும் செய்யும் தவறு, விறைப்பாக இழுத்துக் கட்டுவது. பட்டை கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி சரிவில் இருந்தால், 80 கிலோ ஆள் படுக்கும்போது ஒவ்வொரு பக்கமும் 80 கிலோ இழுவிசை. 15 டிகிரியில் அதுவே 155 கிலோ! சுட்டுவிரலைக் கிடையாக நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்துங்கள். விரல்நுனிகளை இணைக்கும் கோட்டில் பட்டை போனால் கோணம் சரி.

உயிருள்ள, தடித்த மரங்கள், நடுவே 12 முதல் 15 அடி. தென்னை வேண்டவே வேண்டாம், காயும் மட்டையும் எப்போது விழும் என்று சொல்ல முடியாது. உட்கார்ந்தபின் தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு மேல் உயரம் கூடாது.

நேராகப் படுத்தால் முதுகு வில்லாக வளையும். குறுக்காகச் சாய்ந்து படுங்கள், உடல் சமமாகும். ஆறடிக்கு மேற்பட்டவர்களுக்கு இதன் நீளம் போதாது. மலைக்குளிரில் அடியில் ஃபோம் பாய் கட்டாயம்: ஸ்லீப்பிங் பேக்கின் பஞ்சு உடல் எடையில் நசுங்கி, முதுகு சில்லிட்டுவிடும். கொசுவலையும் தனிச்செலவுதான்.