'துபாய் சரக்கு' வெள்ளை க்ரீம்: டப்பாவில் ஆர்சி எண் (இறக்குமதிப் பதிவுச் சான்றிதழ் எண்) இல்லையென்றால் வாங்காதீர்கள்

சேலம் புதிய பேருந்து நிலையம் பக்கத்து ஃபேன்சி ஸ்டோர் ஒன்றில் 20 கிராம் டப்பா 450 ரூபாய் என்று விற்ற முகவெளுப்பு க்ரீமைப் பற்றிய எச்சரிக்கை இது. வாங்கியவர் அம்மாபேட்டையைச் சேர்ந்த கல்லூரி மாணவி. "துபாய் சரக்கும்மா, ஏழே நாள்ல தெரியும்" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சொன்னபடி வெளுத்தது. மூன்றாம் மாதம் கால் வீங்கியது, சிறுநீர் நுரைத்தது, பரிசோதித்ததில் சிறுநீரில் புரதம் மூன்று ப்ளஸ், அதாவது மிக அதிகம். அம்மாவும் மகளும் டப்பாவோடு கடைக்குப் போனால், "எங்ககிட்ட வாங்கினதுக்கு பில் இருக்கா?" என்று கேட்டிருக்கிறார்கள். பில் போடாமல் விற்றதே அவர்கள்தான்.

அந்த டப்பாவின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: தங்கம், வெள்ளி, அலுமினியம், ரப்பர் மேல் படக் கூடாது. வேறு ஊரில் இதைப் படித்தவர்கள் தாண்டிப் போகலாம். கொலுசு செய்கிற ஊரில் தாண்டக் கூடாது. பாதரசம் பட்டால் வெள்ளி அதோடு கலந்து கெட்டுப்போகும் என்று செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இப்படி எச்சரிக்கும் முக க்ரீமில் பாதரச உப்பு இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். டப்பாவில் உள்ள சேர்மானப் பட்டியலில் கலோமெல், மெர்குரஸ் குளோரைடு, மெர்குரிக் அயோடைடு, அம்மோனியேட்டட் மெர்குரி என்ற பெயர்களில் எது இருந்தாலும் அது பாதரசம்தான். பட்டியலே இல்லாத டப்பாக்களும் உண்டு. 30 கிராமுக்குக் குறைவான பொதிக்குச் சேர்மானப் பட்டியல் கட்டாயமில்லை என்று விதியே விலக்குத் தருகிறது. இந்தச் சரக்கெல்லாம் பெரும்பாலும் சின்ன டப்பாவில் வருவதைக் கவனியுங்கள்.

தோலுக்கு நிறம் தரும் மெலனினை உண்டாக்கும் நொதியைப் பாதரசம் முடக்குகிறது. அதனால்தான் சீக்கிரம் வெளுக்கிறது. பூசுவதை நிறுத்தினால் கறுப்பு திரும்பும், பயந்துபோய் அடுத்த டப்பா வாங்குவார்கள். இதற்குள் தோல் வழியே உள்ளே போன பாதரசம் சிறுநீரகத்தில் சேர்ந்துகொண்டிருக்கும். 2023-ல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டச் சிறுநீரக மருத்துவர்கள், இத்தகைய க்ரீம் பூசியவர்களிடம் ஒரே வகைச் சிறுநீரக நோயைத் தொடர்ந்து கண்டு வெளியே சொன்னார்கள். கை நடுக்கம், தூக்கமின்மை, காரணமில்லாத எரிச்சல், வாயில் உலோகச் சுவை ஆகியவையும் இதன் அறிகுறிகள்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 2020-ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளின்படி, தெரியாமல் கலந்துவிடும் பாதரசம்கூட 1 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது. அதாவது ஒரு கிலோவில் ஒரு மில்லிகிராம். 20 கிராம் டப்பாவில் 0.02 மில்லிகிராம். உலக அளவில் சோதிக்கப்பட்ட வெளுப்பு க்ரீம்களில் 10,000 பிபிஎம்முக்கு மேலும் கண்டிருக்கிறார்கள். அப்படி ஒரு டப்பா என்றால் அதே 20 கிராமில் 200 மில்லிகிராம். கண்ணைச் சுற்றி மட்டும் பயன்படுத்தும் பொருளுக்கு, கெடாமல் காக்கச் சேர்க்கும் பாதரசத்துக்கு, 70 பிபிஎம் வரை ஒரு விலக்கு இருக்கிறது. கடைக்காரர் அதைக் காட்டினால் ஏமாறாதீர்கள், முக க்ரீமுக்கு அது பொருந்தாது. பாதரசத்தைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் செய்துகொண்ட, இந்தியா 2018-ல் ஏற்ற மினமாட்டா உடன்படிக்கையிலும் பாதரசம் சேர்த்த அழகுசாதனப் பொருட்களுக்குத் தடை இருக்கிறது. முதலில் 1 பிபிஎம் என்ற எல்லை வைத்திருந்தார்கள்; 2023 மாநாட்டில் அதையும் எடுத்துவிட்டு, பாதரசம் சேர்த்த அழகுசாதனப் பொருள் எதுவுமே 2025-க்குப் பின் கூடாது என்று முடிவெடுத்தார்கள்.

பலரும் "பாதரசம் இருக்குன்னு எப்படி நிரூபிக்கிறது?" என்று அதிலேயே நின்றுவிடுகிறார்கள். அது வரை போக வேண்டியதே இல்லை. இறக்குமதியான அழகுசாதனப் பொருள் எதுவாக இருந்தாலும், இறக்குமதிப் பதிவுச் சான்றிதழ் எண்ணும், அந்தச் சான்றிதழை வைத்திருப்பவரின் பெயர், முகவரியும் லேபிளில் இருக்க வேண்டும். கடைகளில் ஆர்சி எண் என்று கேளுங்கள். உள்நாட்டுச் சரக்கென்றால் தயாரிப்பாளர் முகவரி, உற்பத்தி உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி. அந்த 450 ரூபாய் டப்பாவில் ஆர்சி எண்ணும் இல்லை, இந்திய முகவரியும் இல்லை. உள்ளே வெறும் வாசலின் இருந்திருந்தாலும் அதை விற்றது குற்றம்தான். அழகுசாதனப் பொருளைச் சில்லறையில் விற்க உரிமம் தேவையில்லை என்பதால் தங்களுக்குச் சட்டம் இல்லை என்று பல கடைக்காரர்கள் நினைக்கிறார்கள். மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம் 1940-இன் 18-ஆம் பிரிவு விற்பவரையும் சேர்த்தே பிடிக்கிறது. யாரிடம் வாங்கினோம் என்று ஆய்வாளரிடம் சொல்ல வேண்டிய கடமை 18ஏ பிரிவில் இருக்கிறது.

டப்பா கையில் இருந்தால் தூக்கி எறியாதீர்கள். ஆறு பக்கமும் போட்டோ எடுங்கள், பணம் கட்டிய ஜிபே பதிவை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பில் இல்லாதபோது அதுதான் ஆதாரம். மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். முடிந்தால் அதே கடையில் பிரிக்காத இன்னொரு டப்பாவை பில்லோடு வாங்குங்கள், திறந்த டப்பாவில் யாரோ எதையோ கலந்ததாகச் சொல்ல வழியிருக்கிறது. 26-ஆம் பிரிவின்படி, வாங்கியவரே கட்டணம் கட்டி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுத்துக் கையெழுத்திட்ட அறிக்கை பெறலாம். நகையில் என்ன உலோகம் எவ்வளவு என்று பார்க்கும் ஹால்மார்க் மையத்து எக்ஸ்ஆர்எஃப் கருவியில் வைத்துப் பார்க்கலாமா என்று சிலர் யோசிக்கலாம். அது நகை உலோகத்துக்காக அமைத்தது, அதில் ஒன்றும் வரவில்லை என்பதை நம்பிப் பூசக் கூடாது. கொலுசில் தேய்த்துப் பார்ப்பதும் வேண்டாம்; வெள்ளி வியர்வைக்கும் கறுக்கும்.

பணத்தைத் திரும்பப் பெற 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமில்லை.

பூசியவர்கள் இன்றே நிறுத்திவிட்டு, சிறுநீரில் புரதம் பாருங்கள். எந்த ஆய்வகத்திலும் பார்ப்பார்கள். புரதம் இருந்தால் டப்பாவையும் எடுத்துக்கொண்டு சிறுநீரக மருத்துவரிடம் போங்கள். பாதரச அளவை ரத்தத்தில் மட்டும் பார்த்தால் போதாது, மீன் அதிகம் சாப்பிடுபவர்களுக்கு ரத்தத்தில் கூடுதலாகக் காட்டும். க்ரீமிலிருந்து வந்ததைச் சிறுநீரில்தான் தெளிவாகப் பார்க்க முடியும். முகம் துடைத்த துண்டு, தலையணை உறை இரண்டையும் வீட்டுத் துணிகளிலிருந்து பிரித்து வையுங்கள், குழந்தைகள் கன்னம் வைக்கிற இடம் அது. டப்பாவை மூடி, ஜிப் கவரில் போட்டு, அதை ஒரு கண்ணாடிப் பாட்டிலுக்குள் அடைத்து வையுங்கள். குப்பையோடு எரித்தால் பாதரசம் புகையாகி வீட்டுக்குள்ளேயே திரும்பும்.